நரம்பும் உயிரும்

உடம்பின்கண் நிகழும் அறிவு உடம்பிற்கே உரிய குணமோ, அன்றி உடம்பின் வேறாய உயிரின் குணமோ என்னும் வினா மிகத் தொன்மையது. பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும் என்றும், வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தவிடத்து அவற்றுள் எதனினும் இல்லாத செந்நிறம் தோன்றுதல் அதற்கு உவமையாம் என்றும் உலகாயதர் கூறினர். மெய்கண்டதேவ நாயனார் சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரத்திலும் நான்காஞ் சூத்திரத்திலும் இவ்வினாவை ஆராய்ந்து, உடம்பும் பொறிகளும் பிராணவாயுவும் அந்தக்கரணங்களும் உயிர் ஆகாமையை நிறுவியருளினார். அவ்வினா இக்காலத்தில் மீண்டும் எழுந்துளது. வெற்றிலை பாக்கு நின்ற இடத்தில் இன்று நரம்பணு நிற்கின்றது, வேற்றுமை அவ்வளவே. ஆயினும், இன்றைய நரம்பியலார் தம் கூற்றிற்குக் கண்கூடான சோதனைகள் பலவற்றைத் துணையாகக் காட்டுதலின், அவற்றை அறியாது மறுத்தல் சைவ நன்மக்கட்கு அழகன்று. முதற்கண் அவர் கூறுவதை உள்ளவாறு அறிந்து, பின்னர்ச் சித்தாந்தம் அதனோடு யாங்ஙனம் நிற்கும் என்று ஆராய்தலே முறையாம்.

நரம்பியலார் கூறுவது வருமாறு. மூளையும் தண்டுவடமும் தலைமை உறுப்புக்களாக, மூளையினின்று 12 இணை நரம்புகளும் தண்டுவடத்தினின்று 31 இணை நரம்புகளும் புறப்பட்டு உடம்பெங்கும் கிளைத்துப் பரவுகின்றன. இவற்றிற்கெல்லாம் முதலாயது நரம்பணு. ஒவ்வொரு நரம்பணுவும் ஓர் உடலும், செய்தியை ஏற்கும் பல சிறு கிளைகளும், செய்தியைச் செலுத்தும் ஒரு நீண்ட இழையும் உடையது. அவ்விழை கண்ணுக்குப் புலனாகா நுண்மையதாயினும், இடுப்பின் அளவினின்று கால்விரல் காறும் மூன்றடி நீளுவதும் உண்டு. இத்தாலிய நாட்டுக் கமிலோ கொல்கி என்பார் 1873ஆம் ஆண்டில், வெள்ளியுப்பினால் இவ்வணுக்களுக்கு நிறமூட்டிக் காணும் முறையைக் கண்டறிந்தார். அம்முறையையே கைக்கொண்டு ஆராய்ந்த ஸ்பெயின் நாட்டு இராமோன் இ கஹால் என்பார், நரம்பு ஒரே தொடர்ந்த வலையன்று, தனித்தனி அணுக்களின் தொகுதி என்று காட்டினார். கொல்கி அதனை ஈறுவரை உடன்பட்டிலர். இங்ஙனம் கொள்கையால் மாறுபட்ட இருவரும் 1906ஆம் ஆண்டில் நோபெல் பரிசினைப் பகிர்ந்து பெற்றனர். மூளையின்கண் உள்ள நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்பது இக்காலத்துக் கணிப்பு. அவற்றுள் மிகப் பெரும்பகுதி பின்புறத்துச் சிறுமூளையில் உள்ளது. பெருமூளையின் மேற்புறணியில் உள்ளவை ஏறத்தாழ 1,600 கோடியே. அணுவும் அணுவும் கூடுமிடத்தில் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. அதனைப் பெரும்பாலும் சில இரசங்கள் கடந்து சென்று செய்தியை அடுத்த அணுவிற்குச் சேர்ப்பிக்கும்.

இச்செய்தி நரம்பின்கண் ஓடுமாற்றை அறிதற்குச் சிவகாசியின் பட்டாசுத் திரியினும் தக்க உவமை வேறில்லை. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியினின்று கொணர்ந்த இலிங்கத் திருமேனி எழுந்தருளிய இடம் என்று மரபாற் போற்றப்பெறும் விசுவநாதர் திருக்கோயிலை உடையது அவ்வூர். மழை குறைந்து வானம் வறண்ட அந்நிலத்தில் உழவு வாழ்விக்கமாட்டாமையின், 1920களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். அதன்பின் அவ்வூர் தீப்பெட்டியாலும் பட்டாசாலும் அச்சுத் தொழிலாலும் நாடறிய நின்றது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கருமருந்தைத் திரியிற் பூசி அதன் ஒரு முனையில் தீயிடின், எரிந்த பகுதியின் வெம்மை அடுத்த பகுதியைப் பற்றுவிக்கும். அது தனக்கடுத்த பகுதியைப் பற்றுவிக்கும். முதலில் இட்ட தீ சிறு குச்சியினதாயினும் பெரும் பந்தத்தினதாயினும், பற்றிய பின்னர்த் திரியில் ஓடும் தீ ஒரே அளவினது.

நரம்பும் அவ்வியல்பினதே. நரம்பணுவின் மெல்லிய தோலுக்கு உள்ளே பொட்டாசியம் மிக்கும், வெளியே சோடியம் மிக்கும் இருக்கும். உட்புறத்தின் மின்னிலை வெளிப்புறத்தினும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட்டு தாழ்ந்திருக்கும். தூண்டப்பட்ட விடத்து நுண்வாயில்கள் திறப்பச் சோடியம் உட்புகும். அம்மாற்றம் அடுத்த வாயில்களைத் திறப்பிக்கும். பின்னர்ப் பொட்டாசியம் வெளிப்போதலால் பழைய நிலை மீளும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவரும் கணவாயின் பெருநரம்பிழையை ஆராய்ந்து, இதனைக் கணிதத்தால் 1952ஆம் ஆண்டில் விளக்கினர். தூண்டல் வலிதாயின் ஒவ்வொரு துடிப்பும் பெரிதாகாது. துடிப்புக்களின் தொகையே மிகும். இதனைக் காட்டியவர் ஏட்ரியன். திரி ஒருமுறை எரிந்தால் சாம்பலாம். நரம்போ நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு காலத்திலேயே மீண்டும் எரிதற்கு ஆயத்தமாய் நிற்கும். வேற்றுமை இதுவே. வெடியுப்பில் உள்ள பொட்டாசியமே மக்கள் நரம்பிலும் தொழில் செய்கின்றது என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

இனி, தீ கையைச் சுடும்பொழுது நிகழ்வது யாது? தோலின்கண் உள்ள நரம்பு முனைகளில், ஏறத்தாழ 43 பாகை செல்சியசு வெம்மையில் திறக்கும் ஒரு வாயில் உண்டு. டேவிட் ஜூலியசு என்பாரும் அவர் குழுவினரும் 1997ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தனர். அவர்க்கு 2021ஆம் ஆண்டின் நோபெல் பரிசிற் பாதி கிடைத்தது. அவ்வாயிலை அவர் கண்டது மிளகாயின் காரச்சத்தைக் கொண்டேயாம். தீக்குத் திறக்கும் அதே வாயில் மிளகாய்க்கும் திறக்கின்றது. வாய் எரிகின்றது என்று நாம் கூறுதல் வெறும் வழக்கன்று. வாயில் திறந்தவுடன் எழும் துடிப்பு, விரைந்த இழைகளில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரையும், மெல்ல ஓடும் இழைகளில் 2 மீட்டருக்கு மேற்படாமலும் செல்லும். ஆகலின், சுட்டவுடன் கூரிய நோவொன்றும், சிறிது தாழ்த்து ஆழ்ந்த எரிச்சலொன்றும் தோன்றும். அதற்கு முன்னரே தண்டுவடம் தானே ஏவலிட்டுக் கையை விலக்கிவிடும். நோவென்று அறிதல் பின்னர் நிகழும்.

இவையனைத்தையும் நோக்குமிடத்து ஒன்று தெளிவாம். நரம்பு செய்தியைக் கொண்டு செல்லுமேயன்றி அதன் பொருளை அறியாது. கண்ணினின்று வரும் துடிப்பும், செவியினின்று வரும் துடிப்பும், சுட்ட விரலினின்று வரும் துடிப்பும் தம்முள் ஒரே தன்மையன. தீயையும் மிளகாயையும் வேறறியாத வாயிலை அறிவுடையதென்றல் பொருந்தாது. ஐம்பொறிகளும் தத்தம் புலனையே பற்றும், ஒன்றன் புலனை மற்றொன்று அறியாது, ஐந்தனையும் ஒருங்கறிவது அவற்றின் வேறாதல் வேண்டும் என்று சித்தாந்தம் கூறும் நியாயம் இங்கு வலிபெறுகின்றது.

அற்றன்று, நரம்பு அறியாதாயினும் நரம்புகளின் கூட்டமாகிய மூளை அறியும் எனின், அதுவும் ஆராயற்பாலது. கூட்டம் என்பது கூடியவற்றின் வேறாய் ஒரு பொருளன்று. கூடிய ஒவ்வொன்றும் அறிவிலதாக, அவற்றின் தொகை மாத்திரம் அறிவுடையதாதல் எங்ஙனம்? வெற்றிலையின் செந்நிறம் காண்பான் ஒருவன் கண்ணுக்குத் தோன்றுவது. தன்னைத் தான் சிவப்பென்று அது அறிவதில்லை. எண்ணின் மிகுதியே அறிவிற்கு ஏது எனலும் ஆகாது. சிறுமூளையில் அணுக்கள் மிகப் பலவாயினும், அதனைப் பெரிதும் இழந்தோர் நடை தளர்வரேயன்றி உணர்வு இழப்பதில்லை. துடிப்பே அறிவு எனலும் ஆகாது. ஆழ்ந்த உறக்கத்திலும் மூளை துடித்தலை ஒழிவதில்லை, மூச்சும் இதயமும் அதன் ஆட்சியில் நடைபெறுகின்றன, அறிவோ நிகழ்வதில்லை. உறக்கத்தில் உயிர்ப்பு இயங்கியும் அறிவு இல்லாமை பற்றிப் பிராணவாயு உயிர் அன்று என்றனர் நம் ஆசிரியர். பிராணன் நின்ற இடத்தில் நரம்பை வைப்பினும் அந்நியாயம் அவ்வாறே செல்லும்.

துடிப்பு மாத்திரம் அன்று, துடிப்பின் ஒழுங்கே அறிவு. உறக்கத்தில் அவ்வொழுங்கு மாறுதலின் அறிவு இல்லையாயிற்று என்று அவர் மீட்டும் கூறுவர். ஒழுங்கு மாறியவழி அறிவு மாறும் என்பதனை நாமும் உடன்படுகின்றோம். ஆயின், மாறியது அறிவிற்கு ஏதுவோ, கருவியோ என்பதே வினா. விளக்கின் திரி தாழ்ந்தவழிக் கண் காணமாட்டாது. அதனால் விளக்கே கண் என்று ஒருவரும் கூறார்.

இவ்விடத்தில் சித்தாந்தத்தின் தனிச்சிறப்பு உணரத்தக்கது. உயிர் உடம்பின் வேறு என்பாருள்ளும் பலர், உயிர் தானே அறிவு வடிவினதாய் உடம்பின் துணையின்றியே யாவும் அறியவல்லது என்பர். அவர்க்கு நரம்பியலார் எழுப்பும் தடை அரியதொன்றாம். தலையில் அடிபட்டான் தன் பெயரையும் மறக்கின்றான். மூளையின் ஒரு பகுதியில் குருதி தடைப்பட்டவழிச் சொல் ஒழிகின்றது. முதுமையில் நரம்பணுக்கள் அழிய, பெற்ற மகனையும் தாய் அறியாளாகின்றாள். தனித்து அறியவல்ல உயிருக்கு இவை நிகழ்தல் எங்ஙனம்? சித்தாந்திக்கோ இத்தடை இல்லை. ஆணவமலத்தால் மறைப்புண்ட உயிர், கருவிகள் இல்லாவழித் தன்னையும் அறியாது கேவலத்தில் கிடக்கும். மாயையின் காரியமாகிய உடம்பும் கருவிகளும் கூடியவழியே அதன் அறிவு விளங்கும். நனவில் 35 கருவிகளும், கனவில் 25ம், உறக்கத்தில் 3ம், பேருறக்கத்தில் 2ம், உயிர்ப்படங்கலில் 1ம் தொழிற்படும் என்று அவத்தைகளை எண்ணிக் காட்டிய ஆசிரியர்கள், கருவி குறையக் குறைய அறிவு குறையும் என்பதை வெளிப்படையாகவே கூறினர். மெய்கண்டார் உடம்பை இயந்திரம் என்றே குறித்தார். ஆகவே மூளை கெட அறிவு கெடும் என்பது சித்தாந்தத்திற்கு மறுப்பன்று. சித்தாந்தம் எதிர்நோக்கும் முடிபேயாம். நரம்பு என்னுஞ் சொல்லும் இதனை நினைவூட்டும். தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்பதே பெயர். நரம்பு அறுந்தவழி இசை இல்லை. ஆயினும் இசைப்பான் நரம்பு ஆகான்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். யோகநூல்கள் கூறும் 72,000 நாடிகளையும் இடை பிங்கலை சுழுமுனைகளையும் மருத்துவர் காட்டும் நரம்புகளோடு ஒன்றாக்கி, எல்லாம் முன்னோர் அறிந்தனவே என்று மகிழ்வார் சிலர். நாடி என்பது யோகியர் அநுபவத்திற்குப் பொருளாயது. நரம்பணு கண்ணாடிக் கருவியிற் காணப்படுவது. இரண்டையும் குழப்புதல் இரண்டிற்கும் இழுக்காம். அவ்வாறே, கனடா நாட்டு மருத்துவர் பென்பீல்டு என்பார் செய்த சோதனைகளையும் அளவறிந்தே கொள்ளுதல் வேண்டும். விழித்திருக்கும் நோயாளரின் மூளையை மின்னால் அவர் தூண்டியபொழுது கை அசைந்தது. அதனைத் தாம் அசைக்கவில்லை, மருத்துவரே அசைத்தார் என்று நோயாளர் கூறினர். மனத்தை மூளையால் மாத்திரம் விளக்க இயலாது என்று அவர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதினார். நரம்பியலாருள் மிகப் பலர் அதனை உடன்படார். இத்தகையன நம் கொள்கைக்கு இயைந்தனவேயன்றி அதனை முடித்துக்காட்டும் சான்றாகா.

தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் ஆராய்ந்த செய்தியொன்று இதனினும் சிந்திக்கத்தக்கது. கையை இழந்தோர் பலர், இல்லாத அக்கையில் விரல் மடங்கி நோவதாக உணர்வர். அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, உள்ள கையின் நிழல் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு செய்தார். நிழற்கை விரிந்ததைக் கண்டவழிச் சிலர்க்கு நோவு தணிந்தது. இதனால் நோவு கையிற் கிடந்ததன்று என்பது விளங்கும். கை இல்லை, நோவு உண்டு. வெடியால் கையிழந்த ஒரு தொழிலாளி, என் கை நோகின்றது என்று கூறுமிடத்து, கை என்பது பொய்யாயினும் நோகின்றது என்பது பொய்யாகாது. நோவை அறிவான் ஒருவன் உளன் என்பதில் ஐயமில்லை.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடின் பயன் சிறிது. இதனாற் பெறப்படும் அறம் யாது என்பதே சிவகாசியை நோக்கியவழி எழும் வினா. அங்கு மருந்து என்னும் சொல் நோய் தீர்ப்பதற்கும் வெடிக்கும் கலவைக்கும் ஒருங்கே வழங்குகின்றது. உராய்வு ஒன்றே போதும். அறை முழுதும் தீயாம். மேலோடு சுட்ட புண் மிக நோகும். தோல் முழுதும் ஆழ வெந்தவிடத்தோ நோவு இராது. நரம்பு முனைகள் வெந்தொழிந்தமையே அதற்குக் காரணம். நோகவில்லை என்று கூறுபவனே பெரும்பாலும் உயிர்க்கு அஞ்சத்தக்க நிலையில் உள்ளான் என்பதை மருத்துவர் அறிவர்.

இத்துன்பத்தின் முன் இருவகைப் பிழைபட்ட கொள்கைகள் நிற்கின்றன. அறிவு என்பது நரம்பின் துடிப்பே எனின், நோவும் துடிப்பே. ஒரு துடிப்பை நிறுத்துதல் கடமை என்று கூறுதற்கு அக்கொள்கையளவில் காரணம் இல்லை. அருளுடையார் பலர் அக்கொள்கையினர் ஆகலாம். அவர் அருள் அவர் கொள்கையினும் பெரிது. உயிர் உடம்பின் வேறு, உடம்பு எரிந்தால் உயிர்க்கு ஒன்றும் இல்லை எனின், அதுவும் கன்னெஞ்சிற்கே வழிகோலும். சித்தாந்தம் இரண்டனையும் கொள்ளாது. உயிர் உடம்பின் வேறாயினும் அதனோடு பிரிவின்றிக் கலந்து, சார்ந்ததன் இயல்பாய் நிற்பது. ஆதலின் உடம்பின் நோவு உண்மையாகவே உயிரின் நோவாம். திருநாவுக்கரசு சுவாமிகள் நீற்றறையில் ஏழுநாள் ஊறின்றி இருந்தருளினார் என்பது பெரிய புராணம். அவரே அதற்கு முன்னர்ச் சூலைநோயால் துடித்துத் தமக்கையாரை நாடிவந்தவர். திலகவதியார் அவரை நோக்கி, இது வெறும் உடம்பின் துன்பம் என்று கூறி வாளா இருந்திலர். திருநீறு அளித்துத் திருவதிகைப் பெருமான்பால் அழைத்துச் சென்றனர். நீற்றறையின் அருளைத் தொழிலாளியிடம் எதிர்பார்த்தல் முறையன்று. திலகவதியாரின் அருளை நம்மிடம் நாமே எதிர்பார்த்தல் முறையாம்.

எல்லாம் அவரவர் வினை, தடுக்க நாம் யார் எனின், அது வினைக்கொள்கையை அறியாதார் கூற்று. வினை ஊட்டப்படும்பொழுது அதற்கு வாயிலாய் நின்றவன் தன் செயலால் தனக்கு ஆகாமியத்தை ஈட்டுகின்றான். அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்னும் விதியை ஊதியம் கருதி மீறினவன், வெந்தவனின் பிராரத்தத்தைக் காட்டித் தப்ப இயலாது. இன்னும், தநு கரண புவன போகங்களை இறைவன் உயிர்கட்கு அளித்தது மல இருள் நீங்குதற்பொருட்டு. நரம்பும் மூளையும் அங்ஙனம் அளிக்கப்பெற்ற விளக்காம். அவ்விளக்கை அவிப்பான் உடம்பிற்கு மாத்திரம் அன்று, உயிரின் ஈடேற்றத்திற்கும் இடையூறு செய்கின்றான். பள்ளி செல்லும் பருவத்துச் சிறாரைத் தீப்பெட்டித் தொழிலில் இருத்தியது இவ்வகைத் தீங்கே. சிவகாசிச் சிறாரைப் பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், அங்ஙனம் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறாருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. பச்சை ஒளிக்காகச் சேர்க்கப்படும் பேரியம், நீரிற் கரையும் உப்பாய் உடம்பிற் புகின் பொட்டாசிய வாயில்களை அடைத்துத் தசைகளைத் தளரச்செய்ய வல்லது. பேரிய உப்புக்களைப் பட்டாசில் சேர்த்தலை அந்நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் விலக்கியது. அறத்தால் உணரவேண்டியவற்றை அரசு ஆணையால் உணர்த்தவேண்டி வந்தது.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசுச் சாலையில் தீப்பற்றியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் அச்சாலையின் தொழிலாளர் அல்லர். முதலில் எழுந்த ஓசையும் புகையும் கண்டு அண்மை ஊர்களினின்று ஓடிவந்தவர். காணும் வேட்கையால் வந்தாரும் இருப்பர். அகப்பட்டாரை மீட்க வந்தாரும் உளர். மீட்க வந்தாரின் செயல் நம் வினாவிற்கு விடையாம். வெந்தவன் நரம்பு அவன் தோலோடு முடிந்தது. அவன் நோவைப் பிறனொருவன் மூளைக்குக் கொண்டு செல்லும் இழை யாதும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது புகை. செவிக்குக் கேட்டது ஓசை. தண்டுவடத்தின் ஏவல், தீயினின்று விலகு என்பதே. அவ்வேவலைக் கடந்து தீயை நோக்கி அவர் சென்றனர்.

நரம்பியலார் இதற்கும் மூளையில் இடம் காட்டுவர், காட்டுக. கருவியின்றி எச்செயலும் இல்லை என்பது நமக்கும் உடன்பாடே. ஆயின் தன் நரம்பு எட்டாத விடத்து நோவைத் தன்னோவாகக் கொள்ளுதல், சார்ந்ததன் இயல்பாகும் உயிரின் தன்மைக்கே ஒத்தது. தன்னுடம்பைச் சார்ந்து தன்னலமாய் நின்ற உயிர், பிற உயிரைச் சார்ந்து அருளாய் விரிகின்றது. அவ்வருளே முடிவில் சிவத்தைச் சார்தற்கு வழியாகின்றது. நரம்பணுக்களை எண்ணி அறிதல் நன்று. அவ்வணுக்கள் எவர்பொருட்டு அளிக்கப்பட்டனவோ அவ்வுயிர்களின் நோவை அறிந்து, அது வாராமற் காத்தல் அதனினும் நன்று. தீபாவளியன்று ஒரு திரியிற் பொறியிடும் சைவர் ஒவ்வொருவரும், அத்திரியைச் சுற்றிய விரல்களும் நரம்புடையன, அந்நரம்பிற்குப் பின்னே அறிவுடைய ஓருயிர் உளது என்று உன்னுவாராக.